தோழர் கேட்ட ஜாதகம்

என் மகளுக்கு ஜாதகம் கிடையாது. எழுத மறந்து போனதல்ல. வேண்டாம் என்று தீர்மானித்து எழுதாமல் விட்டது. பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில் அவள் பிறந்தபோது, நேரம் சொல்ல வெளியே வந்த நர்ஸிடம் என் கணவர், "நேரமெல்லாம் வேண்டாம் சிஸ்டர். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றாராம். அந்த நர்ஸ் உள்ளே வந்து, "உங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. குழந்தை வெளியே வந்த சமயம் பணிமனைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது என்பது மட்டும் காதில் நின்றது. மணி என்ன என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் கல்யாணமே அப்படி நடந்ததுதான். நான் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பிறந்தவள். அவர் லால்குடிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து பொன்மலைப் பணிமனைக்கு ஃபிட்டராக வந்தவர். எப்படிப் பழக்கம் என்பது இங்கே வேண்டாம். இரண்டு வீட்டாரும் எங்களைக் கைகழுவினார்கள். யூனியன் ஆபீஸ் மாடியில், சிவப்புக் கொடிக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். வந்தவர்களுக்கு டீயும் காராபூந்தியும். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் யூனியனின் கிளைச் செயலாளர். அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. செயலாளர் என்றே சொல்கிறேன். "இந்தப் பெண் தோழருடைய ஜாதகமும், இந்த ஆண் தோழருடைய ஜாதியும் இன்றோடு செல்லாது" என்று அவர் மேடையில் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

செயலாளர் நன்றாகப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் அரசியல் வகுப்பு நடக்கும். வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஆட்கள் வந்து பாயில் உட்காருவார்கள். ஒருமுறை ஜோதிடத்தைப் பற்றி வகுப்பு. என் சமையல்கட்டிலிருந்து ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை, ஒரு சுண்டைக்காய் வாங்கிக்கொண்டு போய் சூரியன், பூமி, சந்திரன் என்று உருட்டிக் காட்டினார்.

"செவ்வாய் எங்க இருக்கு? பொன்மலை எங்க இருக்கு? அவ்வளவு தூரத்துலேருந்து வந்து இங்க ஒரு பொண்ணு கல்யாணத்தக் கெடுக்க அதுக்கு என்ன வேண்டுதல்? ரயில்வே பாஸ் எதாவது வச்சிருக்கா?"

முன்னறை குலுங்கிச் சிரித்தது. வகுப்பு முடிந்ததும் பூமியைப் பிழிந்து எல்லோருக்கும் சர்பத் போட்டேன். என் மகள் அப்போது சிறுமி. சுண்டைக்காய்ச் சந்திரனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள்.

எழுபத்துநாலாம் வருட மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. ஆண்களில் பாதிப் பேர் தலைமறைவு, மீதிப் பேர் திருச்சி ஜெயில். என் கணவரும் செயலாளரும் ஜெயிலில் இருந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். அந்த வெயிலில் நாங்கள் பெண்கள், காலிக் குடங்களை வரிசையாகத் தெருவில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்ததால் என் வீட்டில் அரிசி இருந்தது. செயலாளரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா தன் வீட்டுப் புளியையும் பருப்பையும் என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள். ஒரே அடுப்பு. என் மகளும் அக்காவின் மகனும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் சண்டை போட்டு வளர்ந்தது அந்த மாதங்களில்தான்.

வேலைநிறுத்தம் முறிந்தது. என் கணவருக்கு வேலை போனது. பாலக்கரையில் ஒரு வெல்டிங் பட்டறையில் கூலிக்குப் போனார். நெருக்கடிநிலை வந்தது. பேசுவதைக்கூட மெதுவாகப் பேசினோம். பிறகு டில்லியில் ஆட்சி மாறியது. நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பணிமனை வாசலில் அவர்களுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போன கூட்டத்தில் நானும் நின்றேன். அந்த வருடமே வங்காளத்தில் எங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள். கேரளத்தில் ஏற்கெனவே ஆண்டு பார்த்தவர்கள். என் கணவர் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். "அடுத்தது நம்ம ஊருதான் பாரு" என்றார். நம்பினேன். நம்பவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

சரிவு எந்த நாள் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. குவார்ட்டர்ஸ் மாற்ற வேண்டும், சொசைட்டியில் கடன் வேண்டும் என்றால் வேறொரு யூனியனில் சீக்கிரம் காரியம் நடக்கிறது என்று ஆட்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். தொழிலாளிகளின் பிள்ளைகள் நடிகர்களுக்கு மன்றம் வைத்தார்கள். தேர்தல் வந்தால் ஒருமுறை இந்தக் கட்சியோடு கூட்டணி, அடுத்தமுறை அந்தக் கட்சியோடு. சேந்தண்ணீர்புரத்தில் ஒரு நீளச் சுவர் உண்டு. அதில் "ஊழல் ஆட்சியை வீழ்த்துவோம்" என்று என் கணவர்தான் எழுதியிருந்தார். அடுத்த தேர்தலில் அதே கட்சிக்கு ஓட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. தன் எழுத்தின் மேல் தானே சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"ஒண்ணும் கேக்காத" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றேன்.

பிறகு கார்த்திகை மாதங்கள். யூனியன் ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டு போனால், கமிட்டியில் பாதிப் பேர் கறுப்பு வேட்டியில், கழுத்தில் துளசி மாலையோடு, செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குப் போகிறார்கள். "சாமி, அந்த நோட்டீஸ எடுங்க." "சாமி, அஜெண்டாவுல அடுத்தது என்ன?" தோழர் என்ற சொல் தை மாதம் வரை லீவில் போயிருந்தது. என் கணவர் செயலாளரிடம் கேட்டார். "மக்களோட நம்பிக்கைய நாம புண்படுத்தக் கூடாது தோழர்" என்று அவர் சொன்னார். அந்த வருடம் அவருடைய மகனும் மாலை போட்டிருந்தான்.

அந்தப் பையனுக்குப் பெரிய பாய்லர் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. என் மகள் பி.எட். முடித்து லால்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகப் போய் வந்துகொண்டிருந்தாள். மே தின நாடகங்களில் இருவரும் சேர்ந்து நடித்தவர்கள். சேலத்தில் ஒரு கான்வென்ட்டிலிருந்து நிரந்தர வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சேலம் ரொம்ப தூரம்மா" என்றாள். பொன்மலையில் எந்த வீட்டிலிருந்து தூரம் என்பது எனக்குத் தெரியும். அவள் கல்யாணம் அந்த வீட்டில் நடந்துவிட்டால் போதும், என் வாழ்க்கையில் பட்ட மற்றதெல்லாம் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் செயலாளரும் அக்காவும் பழத்தட்டோடு வந்தார்கள்.

"டீச்சர், நாம ரெண்டு பேரும் இத்தன நாள் இதப் பேசாம இருந்ததே தப்பு" என்றாள் அக்கா.

"எத அக்கா?"

"எத அக்காவா? ஒம் பொண்ணு எங்க வீட்டு வழியா பஸ்ஸுக்குப் போனா எம் புள்ள மூணுதரம் தலவாரிக்கிறான். ஒனக்குத் தெரியாதாக்கும்."

உள்ளே டம்ளர் விழும் சத்தம் கேட்டது. அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கணவர் எழுந்து செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். காபி குடித்து முடித்த பிறகு செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"தோழர், ஒரு சின்ன விஷயம். பாப்பாவோட ஜாதகம் ஒண்ணு இருந்தா குடுங்க."

என் கணவர் அதை வேடிக்கை என்று நினைத்தார். "என்ன தோழர், எலுமிச்சம்பழம் உருட்டினதெல்லாம் மறந்து போச்சா?"

செயலாளர் சிரிக்கவில்லை. "அது வகுப்பு தோழர். இது வாழ்க்கை. ஊர்ல பெரியவங்க இருக்காங்க, கேப்பாங்க. ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்."

"இருக்கா ஒங்க வீட்டுத் தம்பிக்கு?" என்று நான் கேட்டேன்.

அக்கா குனிந்து முந்தானையைச் சரிசெய்தாள். "அவன் பொறந்தப்பவே எங்க அம்மா எழுதி வச்சுட்டாங்க டீச்சர்." பையனின் நட்சத்திரத்தையும் ராசியையும் அவளே சொன்னாள்.

அவர்கள் போன பிறகு என் கணவர் பழத்தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "முதலாளி கேட்டா முடியாதுன்னு சொல்லலாம். தோழர் கேக்கறாரே" என்றார். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகப் பட்டது.

மறுநாள் நான் ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் என் அண்ணா இருக்கிறார். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு என்னைக் கூடத்தில் உட்கார வைத்துப் பேசுவார். சமையல் உள்ளுக்குள் போக மாட்டேன், அவரும் கூப்பிட மாட்டார். தபால் ஆபீஸ் வேலை, ஆனால் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஜாதகம் கணிப்பது அவருக்குப் பழக்கம். என் பேச்சு இத்தனை வருடத்தில் பொன்மலைப் பேச்சாகிவிட்டது. அந்த வாசல்படி ஏறினால் மட்டும் பழைய பேச்சு வந்துவிடும்.

"அண்ணா, பொண்ணுக்கு ஒரு ஜாதகம் கணிக்கணும்."

"யார் கேட்டா?"

"யூனியன் செக்ரட்டரி. அவர் பிள்ளைக்குத்தான் பேசறோம்."

அண்ணா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உள்பக்கம் திரும்பி மன்னியைக் கூப்பிட்டார். "இங்க வந்து கேளுடி இதை. பொன்மலையில கம்யூனிஸ்ட் ஆத்துல ஜாதகம் கேக்கறாளாம்."

"பெருமாளே! அவாளுக்கும் நல்ல புத்தி வந்துடுத்தா?"

"புத்தி வரலை. பிள்ளைக்குக் கல்யாணம் வந்திருக்கு."

இருவரும் சிரித்தார்கள். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு அண்ணா பஞ்சாங்கத்தை எடுத்தார். பழைய வருடத்துப் பஞ்சாங்கங்கள் எல்லாம் அவரிடம் கட்டிக் கிடக்கும்.

"நேரம் சொல்லு."

"நேரம் தெரியாது அண்ணா. மத்தியானம். சங்கு ஊதித்து."

"என்ன சங்கு?"

"ஒர்க்‌ஷாப் சங்கு."

"சாப்பாட்டுக்கு வெளியில விடற சங்கா, சாப்ட்டுட்டு உள்ள வரச்சொல்ற சங்கா?"

யோசித்துப் பார்த்தேன். வலி, வெளிச்சம், அந்த ஊளைச் சத்தம், அதோடு சேர்ந்து குழந்தையின் அழுகை. வெளியே போனார்களா உள்ளே வந்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணா இரண்டுக்கும் போட்டுப் பார்த்தார். "நட்சத்திரம் அன்னிக்குப் பூரா ஒண்ணுதான். பையனோடது பேஷா பொருந்தறது. லக்னம்தான் எடத்துல நிக்கலை. உள்ள கூப்பிடற சங்குன்னா செவ்வாய் எட்டாம் எடத்துல வந்து உக்கார்றது. தோஷம். வெளியில விடற சங்குன்னா ஒரு வில்லங்கமும் இல்லை."

"வெளியில விடற சங்குன்னே போடுங்கோ."

"போட்டுடறேன். லோகத்துலயே ரயில்வே சங்குக்கு லக்னம் குறிச்சது உன் பொண்ணுக்குத்தான்" என்றார். மஞ்சள் தடவி, மடித்து, என் கையில் கொடுக்கும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அவ நன்னா இருக்கட்டும்" என்றார். இருபது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்து அந்த வீட்டில் என் மகளுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் அது.

வீட்டில் என் கணவர் அந்தக் காகிதத்தைச் சர்க்குலர் படிப்பதுபோல வரிவரியாகப் படித்தார். மகள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அப்பா, நான் கடக லக்னமாம்" என்றாள். "போச்சு, நண்டு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஜாதகத்தைக் கொடுத்த ஒரு வாரத்தில் அக்கா தனியாக ஓடி வந்தாள். கையில் மல்லிகைப்பூ. "டீச்சர், ஒரு பொருத்தம் விடாம இருக்காம்! ஜோசியரே எங்க புடிச்சீங்க இந்தப் பொண்ணன்னு கேக்குறாரு." என் மகளின் முகவாயைத் தூக்கி, தலையில் பூவை வைத்துவிட்டாள். அக்கா நடிக்கவில்லை. அதை இன்றும் சத்தியம் செய்து சொல்வேன்.

அதற்குப் பிறகு செயலாளர் வந்தார். அக்கா இல்லாமல் வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் கணவரிடம் பேசினார்.

"தோழர், புறச் சூழ்நிலை கொஞ்சம் மாறியிருக்கு."

"என்ன தோழர்?"

"கூட்டணியில நமக்குக் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஒரு தொகுதி தர்றாங்க. கமிட்டியில எம் பேரு வந்திருக்கு."

என் கணவர் எழுந்தே விட்டார். "நல்ல சேதிதான!"

"நல்ல சேதிதான். ஆனா எம் பேரு ஏன் வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியணும். அங்க பாதிக்குமேல எங்க ஆளுங்க. நம்ம சாதிக்காரருன்னு சொன்னாத்தான் அவங்க காது குடுத்தே கேப்பாங்க. இந்த நேரத்துல வீட்ல இப்படி ஒரு கல்யாணம் நடந்தா எதிரிக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். கமிட்டியிலயும் பேசினோம்."

"எம் பொண்ணு கல்யாணத்தக் கமிட்டியில பேசினீங்களா?" என்று நான் கேட்டேன்.

"பேசறதுல என்ன டீச்சர் தப்பு? எல்லாமே கூட்டு முடிவுதான."

"தேர்தல் முடிஞ்சதும் செய்வீங்களா?"

அவர் மறுபடியும் என் கணவரைப் பார்த்தார். "தோழருக்குப் புரியும்."

"எனக்கும் புரியுது. ஜாதகம் பொருந்தலன்னு வந்திருந்தா ஒங்களுக்கு இந்தக் கஷ்டம் இருந்திருக்காது. இப்ப வாயத் தெறந்து சாதின்னு சொல்ல வேண்டியதாப் போச்சு."

"டீச்சர் எப்பவுமே இப்படித்தான்" என்று சிரிக்கப் பார்த்தார்.

மகள் டீ கொண்டு வந்தாள். அத்தனையும் கேட்டிருந்தாள். "மாமா, ஒங்க வீட்ல அவருக்குத் தெரியுமா?"

"அப்பா முடிவுதான் எம் முடிவுன்னுட்டான்மா."

"சரி மாமா. டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார். நான் எதிர்பார்த்ததெல்லாம் என் கணவர் ஒரு சொல் சொல்வார் என்பதுதான். ஜெயிலுக்குப் பயப்படாதவர், வேலை போனதற்குப் பயப்படாதவர். அவர் வாசல்வரை போய்ச் செயலாளரை வழியனுப்பிவிட்டு வந்தார்.

தேர்தல் வேலைக்கு அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். லீவு போட்டுவிட்டுப் போனார். கிளையில் மைக் பிடிக்க அவரைவிட்டால் ஆள் இல்லை. அவ்வளவு நல்ல குரல்.

"மானம் ரோஷம் எதுவும் இல்லயா ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கட்சி வேற, ஆள் வேற."

"பொண்ணு?"

"அவளுக்கு நான் வேற எடம் பாக்கறேன். இந்த ஒரு தொகுதி போனா நம்ம ஜில்லாவுல நமக்கு ஒண்ணுமே இல்லம்மா. முப்பது வருசம். நீயாவது புரிஞ்சுக்க."

எனக்குப் புரிந்தது. அதுதான் என் துரதிர்ஷ்டம். அந்த மனிதர் வேறு எதையும் தனக்கென்று சேர்த்து வைக்கவில்லை. கட்சியும் போனால் வெறும் ஃபிட்டர். மகள் முன்னால் அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

அந்தத் தொகுதிக்கு லால்குடி வழியாகத்தான் போக வேண்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு, மற்ற டீச்சர்களோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். சந்தை நாள். சுற்று வட்டாரத்து ஜனம் எல்லாம் கடைத்தெருவில். ஒரு ஜீப் வந்து நின்று மைக்கில் பேசத் தொடங்கியிருக்கிறது. "சாதி பார்க்காதவர், மதம் பார்க்காதவர், சொல் வேறு செயல் வேறு என்று வாழத் தெரியாதவர், உங்கள் வீட்டுப் பிள்ளை..." ஜீப்பின் முன்சீட்டில் இருந்தவர் இவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற டீச்சர், "யாருடி அது, எவ்வளவு நல்ல குரல், கணீர்னு" என்று கேட்டிருக்கிறாள்.

"எங்க அப்பா."

"ஒங்க அப்பாவா! குடுத்து வச்சவடி நீ."

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது என் மகள் சிரித்தாள். முழுவதும் சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். பஸ்ஸில் போகும்போது, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போது, திடீரென்று அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

சேலம் கான்வென்ட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது. ஜெனரல் பெட்டியில் அவளை ஏற்றிவிட்டு வந்தேன். அவர் அன்றும் ஜீப்பில் எங்கோ இருந்தார்.

தேர்தலில் செயலாளர் தோற்றார். டெபாசிட்டும் போயிற்று. அவருடைய சாதிக்காரர்கள், அவர்கள் சாதியிலேயே பெரிய கட்சி நிறுத்திய வேறொருவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அடுத்த வைகாசியில் பையனுக்குக் கல்யாணம் நடந்தது. ஐயர் வைத்து, மேளம் வைத்து, ஊரிலேயே. செயலாளர் கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அக்காவை ஒருமுறை பொன்மலைச் சந்தையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கத்தரிக்காய்க் குவியலில் குனிந்தவள் நான் தாண்டிப் போகும்வரை நிமிரவில்லை.

என் கணவர் வீடு திரும்பிய அன்று, "எங்க அவ?" என்று கேட்டார். சொன்னேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்துபோனார். பிறகு இரண்டுமுறை சேலம் போனார். அவள் கீழே இறங்கி வரவில்லை என்று ஹாஸ்டல் வாட்ச்மேன் வந்து சொன்னாராம். மூன்றாம்முறை அவர் போகவில்லை.

யூனியன் ஆபீஸ் கீழ்ப்பகுதியை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாடியை, பேப்பர் வந்தால் எடுத்து வைக்கத்தான் திறக்கிறார்கள். வகுப்பு கிடையாது. கமிட்டி கூடுவதற்கு ஆள் சேருவதில்லை. டி.வி.யில் எங்கோ ஒரு தேசத்தில் ஜனங்கள் சுவரை இடிப்பதைக் காட்டினார்கள். அவர் எழுந்து டி.வி.யை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் வந்து போட்டுப் பார்த்தார்.

போன மாதம் சேலம் போயிருந்தேன். ஹாஸ்டலில் பெற்றோர் உட்காரும் அறையில் அவள் எதிரில் உட்கார்ந்தாள். இளைத்திருக்கிறாள். முன்நெற்றியில் ஒரு நரை. அந்த வயதில் எனக்கு நரை இல்லை. ஒரு வரனைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். "கமிட்டியில வச்சுப் பேசிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

"பொங்கலுக்காவது வீட்டுக்கு வாடி."

"அவர் இருப்பாரா?"

அப்பா என்று சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆயிற்று.

"இருப்பார்."

"மாநாடு, ஊர்வலம் ஒண்ணும் இல்லயா? எப்பவும் எதாவது இருக்குமே." ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அவர் வெளியூர் போற நாளாப் பாத்துச் சொல்லும்மா. வரேன். எனக்கும் வரணும்னுதான் இருக்கு."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்தது. ரயிலில் வரும்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள் போதும். காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம்வரை. அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, ஒருநாள்.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதோ வந்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். வேலை விட்டால் வீடு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு. பையைக்கூட வைக்காமல் கேட்டேன்.

"ஏங்க, பொங்கலுக்குப் பக்கத்துல வெளியூர் மாநாடு எதுவும் வருதா?"

நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது. கட்சியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது.

"இல்லம்மா. இப்பல்லாம் எங்க நடக்குது? போன வருசமே ஒண்ணும் நடக்கல." பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏன் கேக்கற?"

"சும்மாதான்" என்றேன்.